பதினாலு கம்பெனிக்கும் ஒரே அச்சு

நாரணாபுரம்
14.8.2008, வியாழன்

அன்புள்ள மாமாவுக்கு,

பானு எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதை உண்மையாக எழுதவும். போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கிறார். புருஷனிடம் ஒரு வார்த்தை ஆசையாகக் கேட்க முடியவில்லை. அதனால்தான் இந்த மெயில். தமிழில் அடிக்கப் பழகிவிட்டேன். பிழை இருந்தால் சிரிக்காமல் படியுங்கள்.

கடை நன்றாக நடக்கிறது. தீபாவளி சீசன் சூடு பிடித்துவிட்டது. பட்டாசு முதலாளிகள் எல்லாருக்கும் இப்போதுதான் நம் கம்ப்யூட்டர் கடை ஞாபகம் வருகிறது. எம். புதுப்பட்டி கண்ணுச்சாமி முதலாளி நேற்று வந்து, தன் சைட்டில் மவுசைக் கொண்டுபோனால் சரம் வெடிக்கிற சத்தம் கேட்க வேண்டும் என்றார். வாங்க வருகிறவன் ஆபீசில் உட்கார்ந்து பார்ப்பான், சத்தம் கேட்டால் மூடிவிட்டு ஓடுவான் என்றேன். "சத்தம் இல்லாட்டா அது என்னம்மா வெடி" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, சரி, சங்குசக்கரமாவது சுற்றட்டும் என்று சிரித்தார். சுற்ற விட்டிருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் சைட்டெல்லாம் ஓடுகிற ஜூம்லா மென்பொருள்காரர்கள் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டிருக்கிறார்கள். பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறதாம். தெரிந்த ஆள் யார் வேண்டுமானாலும் நம் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு உள்ளே புகுந்துவிடலாமாம். உடனே புதுக் கோப்புகளை ஏற்றுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நமக்கோ பதினாலு சைட்டும் ஒரே அச்சு. காலண்டர் ஆபீசில் முருகன் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, அடியில் கடைப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடிப்பார்களே, அப்படித்தான் நாமும் செய்தோம். விஸ்வநத்தம் லட்சுமிகாந்தம் முதலாளிக்கு நீங்கள் முதல் சைட்டைச் செய்தீர்கள். அதிலிருந்து பதின்மூன்று நகல் நான் எடுத்தேன். பெயர், போன் நம்பர், நிறம், உச்சியில் இருக்கிற சாமி, இவ்வளவுதான் மாற்றம். ஒன்றில் புகுந்தவன் பதினாலிலும் புகுந்துவிடுவான்.

ஆனால் யாரும் கை வைக்க விட மாட்டேன் என்கிறார்கள். ஆடி மாசமாம்! லட்சுமிகாந்தம் முதலாளி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆடியில ஒரு செங்கல்லக் கூட நான் நகட்டினது கிடையாது. நீ என்னம்மா, ஓடுற வண்டியில கை வைக்கிறேங்கிற. ஆவணி பெறக்கட்டும், நல்ல நேரம் பாத்துச் சொல்லுதேன்." திருடனுக்கு ஆடி ஆவணி தெரியுமா முதலாளி என்று கேட்க வாய் வந்தது. உங்களுக்கு சிங்கப்பூரில் அவருடைய மருமகன் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவர் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். மற்றவர்களும் அவர் வழிதான்.

பட்டாசுக் கடை அபுதாஹிர் பாய் மட்டும்தான் சரி என்றார். "நமக்கு ஆடியும் கெடையாது ஆவணியும் கெடையாதும்மா. நீ பாட்டுக்குச் செய்யி. ஜும்மா நேரத்துல மட்டும் போன் போடாத." அவர் கடையிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். பாவம், மனிதர் சோர்ந்து போயிருக்கிறார். சைட் வழியாக விசாரிப்பு வருகிறதாம், ஆனால் இவர் திருப்பிக் கூப்பிடுவதற்குள் எல்லாரும் வேறு எங்கோ வாங்கிவிட்டோம் என்கிறார்களாம். "ராசி இல்லாத சைட்டு போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் ஜூம்லாவின் மூலக் கோப்புகளுக்குள்ளேயே நிறைய மாற்றம் செய்திருக்கிறீர்கள். புதுசை ஏற்றினால் அதெல்லாம் அழிந்துபோகும். எந்தெந்தக் கோப்பில் என்ன செய்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அப்படியே என்னை எப்போது கூப்பிட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பாஸ்போர்ட் வந்து பீரோவில் சும்மா கிடக்கிறது.

ஆசையுடன்,
உங்கள் பானு


சிங்கப்பூர்
16.8.2008

அன்பு பானுவுக்கு,

உன் மெயில் கிடைத்தது. பிழையெல்லாம் இல்லை. எட்டாம் வகுப்புத் தமிழ் டீச்சர் மாதிரி எழுதியிருக்கிறாய்.

இங்கே வேலை அதிகம். மருமகன் சார் நல்ல மாதிரி. நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில் இருக்கிற நகைக்கடை, மளிகைக்கடை சைட்டெல்லாம் என் தலையில்தான். அறையில் எட்டுப் பேர். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் மீன் குழம்பு வைப்பார், அது ஒன்றுதான் சாப்பாடு மாதிரி இருக்கும். மற்ற நாள் ரொட்டிதான். எலும்பு தெரிவது வெயிலில் எடுத்த போட்டோ என்பதால்.

திருத்தம் விஷயம். மொத்தத்தையும் புதுசாக ஏற்றாதே. அந்த ஓட்டை ஒரே ஒரு கோப்பில்தான் இருக்கிறது, அதை மட்டும் மாற்று. போதும். நான் என்னென்ன மாற்றினேன் என்று இப்போது கேட்டால் எனக்கே ஞாபகம் இல்லை. பழசையும் புதுசையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு உட்காராதே, தலை சுற்றும். முக்கியமாக அந்த என்கொயரி படிவத்துப் பக்கமே போகாதே. அதில் ரொம்ப நோண்டியிருக்கிறேன். ஒரு புள்ளி மாறினாலும் மெயிலே போகாது, அப்புறம் சீசன் நேரத்தில் முதலாளிகளிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

உன் விசாவுக்கு மருமகன் சாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கம்பெனி பேரில் தீபாவளி கழித்துப் போடலாம் என்றார். வாடகைக்கு ஒரு தனி அறை பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம் தெரியும். அதற்குப் பெயர் தெரியவில்லை, நீ வந்து சொல்.

அம்மாவிடம் முட்டுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்.

அன்புடன்,
புகழேந்தி


நாரணாபுரம்
23.8.2008, சனி

அன்புள்ள மாமாவுக்கு,

ஜன்னல் ஓரத்து மரத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள். வேப்பமரம் இல்லை என்று மட்டும் தெரிகிறது. இருந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் இந்த மெயில் அதற்கு இல்லை. ஒரு பெரிய தப்பு நடந்திருக்கிறது, மாமா. படித்ததும் பதறாதீர்கள். நான் ஏற்கெனவே பதறி முடித்துவிட்டேன்.

பாய் சைட்டில் நீங்கள் சொன்ன ஒரு கோப்பை மட்டும்தான் மாற்றினேன். அதன் பிறகு என்கொயரி படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நானே வாடிக்கையாளர் மாதிரி ஒரு என்கொயரி போட்டேன். பாய்க்கு உடனே வந்துவிட்டது. எல்லாம் சரியாகப் போகிறதா என்று சர்வரில் மெயில் போன கணக்கைத் திறந்தால், ஒன்றுக்கு இரண்டாகப் போயிருக்கிறது. ஒன்று பாய்க்கு. இன்னொன்று லட்சுமிகாந்தம் முதலாளிக்கு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் வேண்டாம் என்றாலும் படிவத்தின் கோப்பைத் திறந்தேன். நடுவில் ஒரு வரி. யார் என்ன எழுதி அனுப்பினாலும் அதன் நகல் முதலாளி முகவரிக்கும் போகும்படி இருக்கிறது. வெளியே தெரியாது. அமைப்புப் பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது. மற்ற பன்னிரண்டையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே வரி.

முதலில் சிரித்துவிட்டேன். காலண்டரில் கீழே புதுக் கடைப் பெயரைப் போட மறந்து பழைய கடைப் பெயரையே அடித்துவிட்ட மாதிரி என்று நினைத்தேன். முதல் சைட்டில் முதலாளி முகவரியை நேரடியாகக் கோப்பிலேயே எழுதியிருப்பீர்கள். நான் நகல் எடுக்கும்போது அதுவும் கூடவே வந்துவிட்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷமாகப் பதின்மூன்று கம்பெனிக்கு வந்த வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், எத்தனை பெட்டி வேண்டும் என்பது எல்லாம் லட்சுமிகாந்தம் முதலாளி மேஜைக்குப் போயிருக்கிறது. அவருடைய ஆட்கள் உடனே போன் போட்டு விலையைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். பாய் கூப்பிடும்போது ஏன் எல்லாரும் வாங்கிவிட்டோம் என்றார்கள் என்று இப்போது தெரிகிறது. ராசி இல்லாத சைட்டாம். நாம் அல்லவா அவருடைய ராசியைக் கெடுத்திருக்கிறோம்.

பாய் சைட்டில் அந்த வரியை எடுத்துவிட்டேன். மற்றவற்றிலும் திங்கட்கிழமை எடுத்துவிடுவேன், ஆவணி பிறந்துவிட்டது. ஆனால் எடுத்தால் மட்டும் போதாது. பதின்மூன்று பேரிடமும் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். வேறு வாயிலிருந்து அவர்கள் கேட்கக் கூடாது. நீங்கள் ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். இது என் வேலையில் நேர்ந்த தப்பு, தெரியாமல் நடந்தது, மன்னியுங்கள் என்று உங்கள் பெயரில் ஒரு வரி. நான் ஒவ்வொரு கம்பெனிக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, திட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன். திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல பழக்கம், அத்தையைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பானு


சிங்கப்பூர்
25.8.2008

பானு,

வேண்டாம் என்று சொன்ன இடத்தில் ஏன் கை வைத்தாய்?

சரி, நடந்தது நடந்துவிட்டது. நீ நினைத்தது சரிதான். நகல் எடுத்தபோது நேர்ந்த தப்பு. ஆனால் இதை ஊர் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? சொன்னால் யாருக்கு லாபம்? போன சீசன் போன ஆர்டர் திரும்பி வரப்போகிறதா? பாய்க்கு ஆர்டர் கிடைக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். சின்னக் கடை, சரக்குக் குறைவு, விலை கூடுதல். எல்லாவற்றையும் நம் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

சீசன் முடிகிற வரைக்கும் பேசாமல் இரு. மற்ற சைட்டுகளில் எதையும் எடுக்காதே. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எங்கேயாவது இடிக்கும். தீபாவளி கழித்து நானே ராத்திரியோடு ராத்திரியாக இங்கிருந்து சரிசெய்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது.

நீ அங்கே தனியாக இருப்பதால்தான் இப்படியெல்லாம் யோசனை ஓடுகிறது. சீக்கிரம் இங்கே வந்துவிடுவாய்.

புகழ்


நாரணாபுரம்
9.9.2008, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம்தான் காரணம். அதை ஒளிக்கவில்லை. நீங்கள் எடுக்காதே என்றீர்கள், நான் பதின்மூன்றிலும் எடுத்துவிட்டேன். எங்கேயும் இடிக்கவில்லை. இடித்தது வேறு இடத்தில்.

போன வெள்ளிக்கிழமை லட்சுமிகாந்தம் முதலாளி கடைக்கே வந்துவிட்டார். இதுவரை கடை வாசல் மிதித்தவர் இல்லை. கார் வந்து நின்றதும் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

"என்னம்மா, ரெண்டு வாரமா மெயிலு வரமாட்டேங்குது. ஏதும் கோளாறா?" என்று கேட்டார்.

உங்கள் சைட் மெயில் எல்லாம் சரியாகத்தான் வருகிறது முதலாளி என்றேன்.

"என் சைட்டு இல்லம்மா. மத்தவுக சைட்டு. அது நின்னு போச்சுல்ல."

குரலைக்கூடத் தாழ்த்தவில்லை, மாமா. கரண்டு நின்றுபோச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னார். அது தப்பாக வந்துகொண்டிருந்தது முதலாளி, சரிசெய்துவிட்டேன் என்றேன். அவர் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"உம் புருசன் ஒண்ணும் சொல்லலையாக்கும். நாங்க பேசி வச்சது தானம்மா அது. அவன் எனக்கு இத செஞ்சு குடுத்தான், நான் அவனுக்கு மருமகன்ட்ட சொல்லி வேல வாங்கிக் குடுத்தேன். சீசன் நேரம் பாரு, நாளைக்குள்ள பழையபடி ஆக்கிரு. நீயும் அங்கன போகப் போற புள்ள, நல்லா இருக்கணும்ல."

இவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை. எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே குல்சார் அக்கா, அதுதான் பாயின் வீட்டம்மா, தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். வருஷா வருஷம் கொடுப்பதுதான். "குடிம்மா, ஆறிரும்" என்று பக்கத்திலேயே நின்றார். அப்புறம் மெதுவாக, இந்தத் தீபாவளியோடு கடையை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பாய் மதுரையில் மச்சான் ஜவுளிக்கடையில் நிற்கப் போகிறாராம். "சைட்டயும் எடுத்துரும்மா. ஒன் மேல தப்பு இல்ல. நீ நல்லாத்தான் செஞ்சு குடுத்த" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நான் அழுதேன். கடை போகிறதே என்று அழுகிறேன் என்று நினைத்து, அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இதை விடக் கேவலம் ஒன்று எனக்கு நடக்க முடியுமா?

தெரியாமல் நேர்ந்த தப்பு என்று எழுதினீர்களே. எனக்கு எழுதினீர்களே.

நான் கத்தப் போவதில்லை. வேலைக்காகச் செய்தீர்கள், நமக்காகத்தான் செய்தீர்கள் என்று நாலு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பாயிடம் சொல்லாமல் என்னால் இந்த ஊரில் நடமாட முடியாது. சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்களே சொல்லுங்கள். உங்கள் பெயரில் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், திரும்பி வாருங்கள், நான் உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். கடை நடத்தலாம். கடை இல்லாவிட்டால் தீப்பெட்டி ஒட்டலாம். ஆனால் எனக்கு முன்னால் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பானு


சிங்கப்பூர்
11.9.2008

பானு,

உனக்கு என்ன தெரியும்? தீப்பெட்டி ஆபீசில் அம்மா கை வெந்து வீடு வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். நாமும் அதே வரிசையில் போய் நிற்கக் கூடாது என்றுதான் கம்ப்யூட்டர் படித்தேன். லட்சுமிகாந்தம் முதலாளி கேட்டபோது மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் அந்தக் கடையில் உட்கார்ந்து சங்குசக்கரம் சுற்ற விட்டுக்கொண்டிருப்பேன். நான் யார் வீட்டிலும் புகுந்து திருடவில்லை. ஒரு வரி எழுதினேன். மற்றதை எல்லாம் அவர் ஆட்கள் போனில் செய்தார்கள்.

நீ சொன்னால் மறுநாளே இங்கே என் வேலை போகும். பெர்மிட் ரத்து. உன் விசாவும் கிடையாது. அம்மாவுக்கு மாசாமாசம் மருந்து எங்கிருந்து வரும்? இதை எல்லாம் யோசித்தாயா, இல்லை, உன் மனசு சுத்தமாக இருந்தால் போதுமா?

அப்படியே சொல்லத்தான் வேண்டும் என்றால் இன்னொன்றையும் யோசித்துக்கொள். பதின்மூன்று சைட்டையும் நகல் எடுத்தது நீ. ஏற்றியது நீ. ஒவ்வொரு முதலாளியிடமும் போய்ப் பாஸ்வேர்டு கொடுத்தது நீ. அந்த வரியை அவர்கள் சைட்டில் கொண்டுபோய் வைத்த கை உன் கைதான். நான் செய்தேன் என்று நீ சொன்னால் யார் நம்புவார்கள்?

தீபாவளி வரைக்கும் அந்த வரியைத் திரும்பப் போட்டுவிடு. அதற்குப் பிறகு நீ சொல்கிறபடி கேட்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், பானு.

புகழ்


நாரணாபுரம்
20.9.2008, சனி

மாமாவுக்கு,

திரும்பப் போடவில்லை. புதன்கிழமை பாய் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் எழுதியது சரிதான், யாரும் நம்பவில்லை. நான் சொல்ல ஆரம்பித்ததும் குல்சார் அக்கா கல்லாப் பக்கத்திலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். பாய் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது யாரும்மா எங்க சைட்டுல வச்சது?" என்றார். எழுதியது என் புருஷன், தெரியாமல் கொண்டுவந்து வைத்தது நான் என்றேன். "தெரியாமயா?" என்றார். அவ்வளவுதான். நோன்பு வாயோடு எதுவும் பேச வேண்டாம் என்று இருந்தாரோ என்னவோ. எழுந்து தொழுகைக்குக் கை கால் கழுவ, உளூ செய்யப் போய்விட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் வந்துவிட்டேன்.

அவர் மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. இரண்டே நாளில் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாரும் லட்சுமிகாந்தம் முதலாளி வீட்டில் போய் நின்றிருக்கிறார்கள். அவர், "அந்தப் புள்ளதான் அனுப்பிச்சிருக்கு. வேண்டாம்னாலும் வந்துக்கிட்டே கெடந்துச்சு. நான் தொறந்துகூடப் பாக்கல" என்றாராம். நேற்று கண்ணுச்சாமி முதலாளி கடைக்கு வந்து, இருந்த கூட்டத்துக்கு நடுவில், "எம்புட்டும்மா வாங்குன அவருட்ட?" என்று கேட்டார். சங்குசக்கரத்துக்காகச் சிரித்துக்கொண்டு போன அதே மனிதர். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சைட்டும் இப்போது என் கையில் இல்லை.

பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நான் நடந்தால் பேச்சு நிற்கிறது. பூக்காரி கூட என்னைப் பார்த்துவிட்டு பூவை முழம் போடுவதை நிறுத்துகிறாள். அத்தைக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். "நீ என்னத்தடி செஞ்ச?" என்று கேட்கிறார். உங்கள் மகன் செய்தது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

மாமா, இனி என் வேலையை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அதைக் கேட்கவும் இல்லை. பாய்க்காகவும் இல்லை, கடைக்காகவும் இல்லை, எனக்காகக் கேட்கிறேன். அது நான் எழுதியது, பானுவுக்குத் தெரியாது என்று எழுதிப் போடுங்கள். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி வந்தால் மற்ற எல்லாவற்றையும் நான் தாங்கிக்கொள்வேன். உங்களோடு எந்த ஊரிலும் இருப்பேன்.

தினமும் மெயில் திறந்து பார்ப்பேன்.

பானு


நாரணாபுரம்
2.10.2008, வியாழன்

மாமாவுக்கு,

இரண்டு ஞாயிறாக போனில் அத்தையிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். உங்கள் குரல் எனக்குக் கேட்கிறது.

எழுதினீர்களா?

பானு


சிங்கப்பூர்
6.10.2008

பெறுநர்: சிவகாசி, விஸ்வநத்தம், எம். புதுப்பட்டி பட்டாசு உற்பத்தியாளர்கள் மற்றும் வணிகர்கள்
நகல்: திருமதி பானுப்பிரியா

பெருமதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனங்களின் இணையதளங்களில் நேர்ந்த குறைபாடு பற்றி அறிந்து மிகுந்த மன வேதனை அடைந்தேன். நான் கடந்த ஜனவரி முதல் சிங்கப்பூரில் பணிபுரிந்து வருவதால், கடையின் பொறுப்பு முழுவதும் என் மனைவி பானுப்பிரியாவிடம் இருந்து வருகிறது. இணையதளங்களை நகல் எடுக்கும்போது அவர் கவனக்குறைவாலும் அனுபவக் குறைவாலும் ஒரு நிறுவனத்தின் முகவரியை நீக்கத் தவறிவிட்டார். இதில் திரு. லட்சுமிகாந்தம் அவர்களுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மனைவி நல்லவர். வேண்டுமென்று எவருக்கும் தீங்கு நினைக்காதவர். பெண் என்றும், வயதில் சிறியவர் என்றும் கருதி அவரைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். அவர் செய்த தவறுக்குக் கணவன் என்ற முறையில் நான் பொறுப்பேற்று, தங்கள் அனைவரிடமும் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வே. புகழேந்தி


நாரணாபுரம்
12.10.2008, ஞாயிறு

உங்களுக்கு,

கடிதம் வந்தது. எனக்கு வந்ததைச் சொல்லவில்லை, ஊருக்கு வந்ததைச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துப் போயிற்று. கண்ணுச்சாமி முதலாளி வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து, அத்தையைப் பார்த்து, "புள்ளைய நல்லா வளத்திருக்கீக. பொண்டாட்டி செஞ்சதுக்கு அம்புட்டுப் பேரு கால்லயும் விழுந்த மாதிரி எழுதியிருக்கான்" என்றார். என்னைப் பார்த்து, "விடும்மா, சின்ன வயசு, தப்பு வர்றதுதான்" என்றார். எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள். பூக்காரி கூட மறுபடி பேசுகிறாள். லட்சுமிகாந்தம் முதலாளி தீபாவளிக்கு ஒரு பெட்டி வெடி கொடுத்தனுப்பியிருக்கிறார். பிரிக்காமல் வெளியில் வைத்திருக்கிறேன்.

பாய் மட்டும் வரவில்லை. நேற்று நானே போனேன். கடையில் பாதி அலமாரி காலி. உங்கள் கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அதை என் முன்னால் வைத்து, "இதுல இருக்குறது நெசமாம்மா?" என்று கேட்டார். இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். ஆனால் என் புருஷன் என் பெயரில் பொய் எழுதிப் பதின்மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்று வாயைத் திறந்து சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களுக்காக வெட்கப்பட்டேன். நெசம்தான் பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதனால் இனிமேல் எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

விசாவுக்கு எதுவும் போட வேண்டாம். பார்த்து வைத்த அறையை விட்டுவிடுங்கள். நாளைக்குக் காலை பஸ்ஸில் எம். புதுப்பட்டியில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறேன். கடைச் சாவி பீரோவில் பாஸ்போர்ட் இருந்த இடத்தில் இருக்கிறது. அத்தைக்கு மருந்து இந்த மாதக் கடைசி வரை வாங்கி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாரிசெல்வி தினம் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இனி எழுத வேண்டாம். எழுதினாலும் நான் படிக்கப் போவதில்லை.

கண்ணுச்சாமி முதலாளி போனதிலிருந்து அத்தைக்கு ஒரே ஆசை, மகன் எழுதியதைக் கேட்க வேண்டும் என்று. அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே. இன்றைக்கு மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். ஒரு எழுத்து விடவில்லை. "அவர் செய்த தவறுக்கு" என்ற இடத்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாடி, எம்புள்ள ஒன்னைய விட்டுக் குடுக்கல" என்றார்.

ஆமாம் அத்தை என்றேன்.

பானுப்பிரியா